பத்தாவது மாடு

"சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள பத்து மாடு லாரியில ஏறணும். ஒண்ணு கொறஞ்சாலும் நாளையிலருந்து வேலைக்கு வராத" என்று காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஆனந்தராஜ் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டான்.

திண்டிவனத்துத் தெருக்களில் திரிகிற மாடுகளைப் பிடிக்கிற வேலை தேவநாதனுக்கு. ஒன்பது பிடித்தாயிற்று. அதற்குள் ஊர் முழுக்கச் சேதி பரவி, மாட்டுக்காரன் எல்லாம் மாட்டை வீட்டில் கட்டிவிட்டான். செஞ்சி ரோடு வரைக்கும் நாயாய் அலைந்தும் ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை.

"சார், ஒண்ணுதான கொறையுது. நாளைக்குப் பதினொண்ணா புடிச்சித் தரேன்."

"ஓட முடியலன்னா வூட்ல குந்துய்யா. உன் எடத்துக்குப் பத்து பேரு நிக்கிறான். இன்னும் அரை மணி நேரம்தான், ஜல்தி!"

தேவநாதன் ஓடினான். அஞ்சு அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது ஒரு செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"மத்ததெல்லாம் முட்டித் தள்ளிச்சு. இது என்னாய்யா, உன் பின்னாலயே வருது!" என்று சிரித்தான் ஆனந்தராஜ். "யாரு மாடு?"

"தெரியல சார். தெருவுல நின்னுக்கினு இருந்துது."

லாரி வெளியூர் கோசாலைக்குக் கிளம்பியது. அங்கே போன மாடு திரும்பி வராது.

தேவநாதனின் போன் அடித்தது. அவன் பெண்டாட்டி ஜெயம் அழுதுகொண்டே கத்தினாள்.

"யோவ், வாசல்ல கட்டியிருந்த நம்ம மாட்ட எவனோ அவுத்துக்கினு பூட்டான்யா! உங்க லாரியிலதான் ஏத்தியிருப்பானுங்க. கன்னு கத்தியே செத்துடும்போல இருக்குது. நீ அங்கதான வேல செய்யற, உங்க சார் கால்ல வுழுந்தாவது மீட்டுக்கினு வாய்யா!"