கலண்டர்த் தாள் திரை

குசினி வாசலில் திரையாகத் தொங்கிய பழைய கைலிச் சாரத்துக்கு இந்தப் பக்கம் ஸுஹைர், அந்தப் பக்கம் அவன் மனைவி நஜ்முன் நிஸா. இருவரும் காலை நீட்டி உட்கார்ந்து கலண்டர்த் தாளில் மணி சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நோன்புப் பெருநாளுக்கு இன்னும் ஐந்தே நாள். அதற்குள் அந்தக் கிழிந்த சாரத்தைக் கழற்றி வீசிவிட்டு, வாசலுக்கு ஒரு மணித்திரை கட்டியாக வேண்டும்.

துணிக்குக் கூப்பன் நீட்டி வரிசையில் நிற்கிற காலத்தில் வேறென்ன செய்வது? ஸுஹைருக்குத் துறைமுகக் கந்தோரில் வேலை. அங்கே கழித்துப் போட்ட கலண்டர்களைச் சுருட்டி எடுத்து வந்திருந்தான். தாளை நீள முக்கோணமாக வெட்டி, ஈர்க்கில் சுற்றி, நுனியில் மரவள்ளிமாப் பசை தடவி, ஈர்க்கை உருவினால் ஒரு மணி. தூண்டில்காரர் வாங்குகிற தங்கூசி நூலில் கோத்தால் திரை. அவ்வளவுதான் செலவு.

“இந்தத் திரைக்குள்ளால ஆள் தெரியுமே புள்ள. மாமி இனி எங்க போய் ஒளிக்கப் போறா?” என்று கேட்டான் ஸுஹைர். அந்தப் பக்கம் நிஸா களுக்கென்று சிரித்தாள்.

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம். மாமியார் மைமூனா மருமகன் கண்ணில் பட்டதும் இல்லை, அவனோடு ஒரு சொல் கதைத்ததும் இல்லை. அங்கே வழக்கம் அப்படி. மாமி கேட்பதெல்லாம் நிஸாவின் வாயால் வரும், மருமகன் சொல்வதெல்லாம் நிஸாவின் காதால் போகும்.

நிஸா தான் சுருட்டிய மணிகளைச் சுளகில் போட்டுச் சாரத்துக்கு அடியால் தள்ளுவாள். அவன் எடுத்துக் கோப்பான். மணியா அது? தொளதொளவென்று, பாதி கோக்கும்போதே பிரிந்து வந்தது. சுருட்டுச் சுற்றப் போனால் உன்னை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவளைச் சீண்டிவிட்டு, அஸர் தொழ எழுந்து போனான்.

தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது சுளகு நிறைய மணிகள் காத்திருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே இறுக்கம். “ஆ, இப்பதான் கை படிஞ்சிருக்கு” என்று மெச்சினான். பதிலைக் காணோம். சுருட்டுக் கதைக்குக் கோபித்துக்கொண்டாளாக்கும் என்று நினைத்தான். அதுவும் நல்லதுதான், குறுக்கே பேசாமல் கேட்பாள். மாதக்கணக்காக நெஞ்சுக்குள் கிடந்ததை இன்றைக்குக் கொட்டிவிடுவது என்று தொண்டையைச் செருமிக்கொண்டான்.

குடாவுக்கு அக்கரையில், லாஞ்சில் போகிற மூதூரில் அவன் உம்மா ஜெமீலா தனியாள். வாப்பா மௌத்தான நாளிலிருந்து மகன் பக்கத்தில் இல்லாமல் அவர் ஒரு பெருநாளும் கண்டதில்லை. ஆனால் கல்யாணம் முடித்து வருகிற முதல் பெருநாளுக்கு மாப்பிள்ளை பெண் வீட்டை விட்டு அசையக் கூடாது. மாமியின் சொந்தக்காரர் அத்தனை பேரும் அவனைப் பார்க்க வருவார்கள்.

“நிஸா, பெருநாளைக்கு மூதூர் போக விடச் சொல்லி நீதான் எப்படியாவது மாமிட்டக் கேக்கணும். உம்மா சோத்த ஆக்கி வச்சுக்கொண்டு வாசலையே பாத்திருப்பா. அத நினைச்சா எனக்கு இஞ்ச ஒரு வாய் இறங்காது.”

அந்தப் பக்கம் தாள் சுற்றுகிற சரசரப்பு நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி தொடங்கியது.

பாரம் இறங்கிய தெம்பில் ஸுஹைருக்கு வாய் நீண்டுவிட்டது. மாமி தங்கமான மனுசிதான், ஆனால் முகம் தெரியாத ஆளிடம் எந்தத் திசையைப் பார்த்துக் கேட்பது என்றான். கப்பல் கப்டன்கூட இவ்வளவு அதிகாரம் பண்ணமாட்டான் என்றான். நோன்போடு ருசி பார்க்காமல் சமைக்கிறார், சரி. அதற்காகக் கொட்டியாரக்குடாக் கடலையே சட்டிக்குள் ஊற்றலாமா என்று கேட்டான்.

“நேத்து ஆணம் வாயில வைக்க ஏலாது புள்ள. மூணு செம்பு தண்ணி குடிச்சன். எண்டாலும் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் திண்டன். மாமிட மனசு நோகக் கூடாதே.”

ஒரு சுளகு மணி மட்டும் சாரத்துக்கு அடியால் மெல்ல வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருப்படலை கிறீச்சிட்டது. கையில் வெறுங்கோப்பையோடு முன்வாசலால் உள்ளே வந்தாள் நஜ்முன் நிஸா. அவன் தொழப் போன கையோடு பக்கத்து வீட்டு அன்னலட்சுமி அக்காவுக்கு நோன்புக் கஞ்சி கொடுக்கப் போனவள், கதையில் இருந்துவிட்டாளாம்.

ஸுஹைரின் கையிலிருந்த தங்கூசி நழுவியது. அன்றைக்குக் கோத்த மணியெல்லாம் சீமெந்துத் தரையில் உருண்டோடின. அவன் சாரத்தைப் பார்த்தான், நிஸாவைப் பார்த்தான், பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

சாரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்கள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அங்கிருந்து ஒரு குரல் நேரே அவனிடம் வந்தது.

“பெருநாளண்டைக்கு முதல் லாஞ்சிலயே ரெண்டு பேரும் மூதூருக்குப் போங்க, மகன். உங்கட உம்மாவுக்குக் கறி கட்டித் தாறன், உப்புப் பாத்து.”