அப்பா குறைத்த சத்தம்

ஓசூரில் வாழ்க்கைப்பட்ட வடிவு தன் டேப்லெட்டில் எந்தப் பாட்டைப் போட்டாலும், பாளையங்கோட்டையில் அவள் அப்பா கோமதிநாயகத்தின் ஸ்டீரியோவிலும் அது பாடும். அங்கே அவள் சத்தத்தைக் கூட்டினால் இங்கேயும் கூடும். இங்கே அவர் குறைத்தால் அங்கேயும் குறையும். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது குத்துவிளக்கோடு இந்த இணைப்பையும் சேர்த்துக் கொடுப்பது இப்போது ஊர் வழக்கமாகிவிட்டது.

கொஞ்ச நாளாகச் சாயங்காலமானால் ஸ்டீரியோ அலறியது. "எம்மவ சந்தோசமா இருக்கா, அதான் இந்தப் போடு போடுதா" என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமையடித்துக்கொள்வார். பிறகு, பாவம் அவர்களுக்குக் காது வலிக்குமே என்று எழுந்துபோய்க் குறைத்துவைப்பார்.

நேற்று வடிவு தனியாக வந்து இறங்கினாள். இடது கையில் மாவுக்கட்டு. உதடு கிழிந்திருந்தது.

கோமதிநாயகம் வாசலுக்கு ஓடிவந்தார். "என்னட்டி இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"போனத்தான் கட்டுனவன் புடுங்கி வச்சிக்கிட்டானே. ஆனா சொன்னேம்ப்பா. சின்னப் புள்ளையில அழுக வந்தா நான் கதவச் சாத்திக்கிட்டுப் பாட்டச் சத்தமா வைப்பேன். நீங்க வந்து சத்தத்தக் குறைச்சுட்டு, 'என்னட்டி'ன்னு கேப்பீங்க. மறந்துட்டீங்களா?"

அவர் திரும்பி ஸ்டீரியோவைப் பார்த்தார்.

"அவன் கை நீட்டுத அன்னைக்கெல்லாம் கூட்டி வச்சேன். ஒவ்வொரு தடவையும் சத்தம் தானா குறையும். அப்பாவுக்குக் கேட்டுட்டுது, கிளம்பியிருப்பாங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன்."