லேசான ரோஸ்

ஊரே ஆபரேஷன் செய்து புதுக் கண் வைத்துக்கொண்டு, முன்பு இல்லாத நிறங்களையெல்லாம் பார்த்துத் திரிந்தது. சிபிராஜுக்கு மட்டும் நரம்பு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

அறுபதாம் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க மனைவி லாவண்யாவோடு கடைக்குப் போனார். கடைக்காரர் மளமளவென்று புதுநிறப் புடவைகளாக விரித்துப் போட்டார். சிபிராஜின் கண்ணுக்குக் கரையிலிருந்து முந்தானை வரை எல்லாம் ஒரே வெள்ளை.

லாவண்யா ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

“உங்க கண்ணுக்கு இது எப்படிங்க தெரியுது?”

அவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

“லேசான ரோஸ் மாதிரி” என்றார் சிபிராஜ்.

திருக்கடையூரில் இருவரும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் புடவையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். “இந்த நிறத்தைக் கட்ட அக்கா கொடுத்து வச்சிருக்கணும் மாமா” என்றாள் மச்சினி.

சிபிராஜ் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். வெள்ளைப் புடவையில் லாவண்யா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலியைக் கையில் வாங்குவதற்கு முன்னால், தான் உயிரோடுதான் இருக்கிறோமா என்று யாருக்கும் தெரியாமல் தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.