யாரும் கேட்காத அறை

"அந்த அறை வேண்டாம் மெர்வின். என் எதிரிக்குக்கூட அதைப் பதிவு பண்ணிக் கொடுக்க மாட்டேன்."

ரொவீனா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். டூவூம்பா கடைத்தெருவில் பயண ஏற்பாட்டுக் கடை நடத்தி, சுற்றுவட்டாரத்து ஆட்களைச் சுற்றுலாக் கப்பலேற்றி அனுப்புவதுதான் அவள் பிழைப்பு. தன் பேச்சைக் கேட்டுப் போனவர்கள் யாரும் குறை சொல்லித் திரும்பியதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எதிரே இருந்த மெர்வின், டால்பி பக்கம் மாடும் கோதுமையுமாகக் காலம் தள்ளியவர். எழுபதைத் தாண்டிய தனிக்கட்டை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டியிருந்தார். வாழ்க்கையில் இதுதான் முதல் விடுமுறை, அநேகமாகக் கடைசியும் இதுதான் என்று உட்காரும்போதே சொல்லிவிட்டார். ரொவீனாவுக்கு அதுதான் கவலை. ஒரே ஒரு தடவை கப்பலேறப் போகிற மனிதர் நொந்துபோய்த் திரும்பிவிடக் கூடாது.

"அந்த அறைக்கு என்ன குறை?"

"என்ன குறை இல்லைன்னு கேளுங்க. கப்பலோட முனையில இருக்கு. அலை அடிச்சா முதல்ல தூக்கிப் போடறது அங்கதான். தலைக்கு மேல நீச்சல் குளம். விடியறதுக்குள்ள சாய்வு நாற்காலியைத் தரதரன்னு இழுத்து இடம் பிடிப்பாங்க. ஜன்னலும் கிடையாது. நடுக்கப்பல்ல, கீழ்த்தளத்துல போடறேன். தொட்டில் மாதிரி இருக்கும்."

"தொட்டில் வயசைத் தாண்டியாச்சு கண்ணு. நான் சொன்ன நம்பரையே போடு."

"அந்த நம்பரை யாரு சொன்னது உங்களுக்கு?"

"தெரிஞ்ச பொம்பளை ஒருத்தி. நல்ல மனசுக்காரி."

நல்ல மனசுக்காரியை ரொவீனா மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொண்டாள்.

"சரி, தேதியையாவது மாத்துங்க. நீங்க கேக்கறது பள்ளிக்கூட லீவு வாரம். கப்பல் முழுக்கப் பொடிசுங்கதான். லிஃப்டுல ஏறினா எல்லா பட்டனையும் அமுக்கிட்டு ஓடிடும். ஒரு வாரம் தள்ளிப் போனீங்கன்னா எல்லாம் உங்க வயசுக்காரங்களா இருப்பாங்க."

"என் வயசுக்காரங்களை டால்பி ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கறேன். அதே வாரம் போடு."

"காப்பீடு?"

"நல்லதாவே போடு. கரையைத் தாண்டினா நம்ம சர்க்கார் வைத்தியச் சலுகை, அந்த மெடிகேர், செல்லாதாமே."

"செல்லாது. பாஸ்போர்ட்?"

"போன மாசமே வாங்கிட்டேன்."

"கிளம்பற அன்னிக்கு இங்கேருந்து ஓடாதீங்க. மலை இறக்கத்துல ஒரு லாரி கவுந்தாப் போதும், கப்பல் யாருக்காகவும் நிக்காது. முதல் நாளே பிரிஸ்பேன் போய்த் தங்கிடுங்க."

"ரெண்டு நாள் முன்னாடியே போறேன். அந்தக் கப்பலை மட்டும் நான் விடக் கூடாது."

இந்த இடத்தில்தான் ரொவீனாவுக்குக் குழம்பியது. ஆள் மக்கு இல்லை. சொன்ன புத்தியெல்லாம் பளிச்சென்று ஏறுகிறது. நிம்மதி தருகிற எதையாவது நீட்டினால் மட்டும் தலையைத் திருப்பிக்கொள்கிறார். தன் அனுபவத்துக்கே சவால் விட்டது மாதிரி அவளுக்கு ரோஷம் வந்தது.

"ராத்திரிச் சாப்பாடாவது நான் சொல்றபடி வெச்சுக்குங்க. முதல் பந்தி குழந்தைகுட்டிக்காரங்களுக்கு. ஒரே சிந்தலும் சிதறலுமா இருக்கும். ரெண்டாவது பந்தியில, கடலைப் பாத்த மாதிரி தனி மேசை வாங்கித் தர்றேன்."

"முதல் பந்தி. பெரிய மேசை. எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடறேன்."

ரொவீனா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"மெர்வின், தப்பா நினைக்காதீங்க. கண்ணுக்கெட்டற தூரம் வரைக்கும் ஆளே இல்லாத பண்ணையில இருந்து பழகினவர் நீங்க. அந்த அறையை ஒட்டினாப்புல பேரன் பேத்தின்னு ஒரு பட்டாளமே பதிவாகியிருக்கு. நடுவுல இருக்கற சுவர் அட்டை மாதிரி. அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேக்கும்."

மெர்வின் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நெசமாவே கேக்குமா?"

"குறட்டைகூடக் கேக்கும்."

"அப்ப சீக்கிரம் போடு கண்ணு. வேற யாராவது தட்டிட்டுப் போயிடப் போறாங்க."

அந்த அறையைத் தட்டிக்கொண்டு போக எவன் வருவான் என்று ரொவீனாவுக்குத் தெரியவில்லை. பதிவு செய்து முடித்தாள். அச்சடித்த தாள்களை உறையில் போட்டுக் கொடுத்தபோது, தோற்றுப்போன வருத்தம் அவள் முகத்திலேயே தெரிந்தது.

"உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன். மூலைக்கு மூலை ஜனம், ஒதுங்க ஓர் இடம் இருக்காது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"நீ சொன்னதெல்லாம் நல்ல யோசனைதான். நிம்மதியைத் தேடிப் போறவனுக்குச் சொல்லு. அது என் வீட்டுலயே வேணுங்கற அளவு கொட்டிக் கிடக்கு."

உறையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு எழுந்தவர், தொப்பியை மாட்டியபடி கதவருகே நின்றார்.

"அந்தப் பட்டாளம் என் தம்பியோடது, நம்பர் சொன்னது அவன் பொண்டாட்டி. என் காளை வேலி தாண்டிப் போய் அவன் பயிரை மேஞ்சதுலேருந்து, பன்னெண்டு வருஷமா என்னைக் கண்டாலே வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடறான். நடுக்கடல்ல எங்க திருப்புவான்னு பாக்கறேன்."