கரடிக்கு மாலை மரியாதை

உதிர்ந்து புளித்த இலுப்பைப் பூவைத் தின்றுவிட்டுக் காட்டு விலங்குகள் தள்ளாடித் திரிந்தன. அந்தப் பழக்கத்தை ஒழிக்க ஒரு சங்கம் வைத்தார்கள். மயில் தலைவர், குரங்கு செயலாளர். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் திருந்தியது ஒரே ஒரு கரடிதான். அதுவும் சங்கத்தின் பேச்சைக் கேட்டு அல்ல, போதையில் பள்ளத்தில் உருண்டு இடுப்பை ஒடித்துக்கொண்ட பிறகு.

ஆனாலும் சங்கம் அதற்குப் பாராட்டு விழா எடுத்தது.

மேடைக்குக் குரங்கு பெரிய மாலையோடு வந்தது. வாசனை பட்டதும் கரடி பின்வாங்கியது.

“செயலாளரே, இது இலுப்பைப் பூ.”

“இந்தப் பருவத்தில் வேறு பூ ஏது? நேற்றே கட்டியது, கொஞ்சம் புளித்திருக்கும். மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்.”

“ஐயா, இந்தப் பழக்கத்தை விட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயால் வாழ்த்தி அனுப்புங்கள், போதும்.”

மயில் தோகையை விரித்தது. “மாலை போடாமல் பாராட்டு விழாவா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்? குனியுங்கள்.”

கரடி குனிந்தது. கைதட்டல் அடங்கியதும் மயில் விழிப்புணர்வு பற்றி நீளமாகப் பேசியது. பேசி முடித்துத் திரும்பினால், கரடியின் கழுத்தில் நார் மட்டும் தொங்கியது. கரடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

குரங்கு பதறியது. “தலைவரே, திருந்திய ஒருவரும் போய்விட்டாரே.”

“எங்கே போகப்போகிறார்? மறுபடி திருந்துவார், மறுபடி விழா எடுப்போம்,” என்றது மயில். “மாலைக்கு இப்போதே சொல்லிவை.”