இடது கால் செருப்பு

“இதே மாதிரி ஒரு ஜோடி வேணும் தாயி. தண்ணிக்குள்ள எறங்கினாலும் கால விட்டுப் போகக் கூடாது.”

பெரியவர் கட்டைப்பையிலிருந்து ஒரு பழைய செருப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றே ஒன்று. இடது கால்.

சிம்மக்கல்லில் அந்தச் செருப்புக் கடையில் தமிழ்வாணி பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். வாசலில் நுழையும்போதே காலைப் பார்த்து சைஸ் சொல்லிவிடுவாள். காலைக் கொண்டுவராமல் செருப்பை மட்டும், அதுவும் ஒற்றையாகக் கொண்டுவந்து கேட்டவர் இவர்தான் முதல் ஆள்.

கறுப்புச் செருப்பு, ஓரத்தில் நீலக்கோடு, மூன்று வார். பார்த்ததுமே அவளுக்குத் தன் முதல் வருடம் ஞாபகம் வந்துவிட்டது. அப்போது இந்த மாடலுக்குக் கடையில் அடிதடி. கொடைக்கானல் போகிற கல்லூரிப் பையன்கள் கும்பலாக வந்து, மாட்டிக்கொண்டு தங்குதங்கென்று குதித்துப் பார்ப்பார்கள். அவள் அண்ணன் மலையாண்டியும் ஒரு ஜோடி வாங்கி, வைகையில் தண்ணீர் வந்த அன்று வேண்டுமென்றே அதோடு ஆற்றில் இறங்கி நடந்து காட்டினான். இப்போது திருப்பூரில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தாலும் ஆற்றுப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு ஏக்கமாகத்தான் இருக்கும்.

“இந்த மாடல் நின்னு போயி எட்டு வருசமாச்சுங்கய்யா. எங்கருந்து வாரீங்க?”

“செக்கானூரணிக்கு அங்குட்டு. பேரு சுருளி.”

அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் எண் தேய்ந்து போயிருந்தது. ஆனால் ஒரு பொட்டு மண் இல்லை. யாரோ பொறுப்பாகக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

“யாருக்குங்கய்யா வாங்குறீங்க?”

சுருளி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நம்ம வீட்டுப் பிள்ளைக்குத்தான்” என்றார், புதுப் பாடத்தை ஒப்பிக்கிறவர் போல.

“அவரு சைஸ் என்ன?”

“அது தெரியாது. இத வச்சு நீயே பாத்துக்க. பதினோரு வருசத்துல காலு வளந்திருக்குமா தாயி?”

தமிழ்வாணி நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப எம்புட்டு வயசு அவருக்கு?”

“இருபத்தஞ்சு இருக்கும்.”

“அதுக்கு மேல வளராதுங்கய்யா.”

கேட்கவா வேண்டாமா என்று யோசித்து, கேட்டே விட்டாள். “இன்னொரு செருப்பு?”

“கெடைக்கல. வாய்க்கால் சேத்துல இது ஒண்ணுதான் கெடந்துச்சு. போலீஸ் ஸ்டேசனுக்குக் கொண்டு போனேன். ஒத்தச் செருப்ப வச்சுக்கிட்டு ஆள எங்க தேடுறதுன்னு திருப்பிக் குடுத்துட்டாக.”

தமிழ்வாணி செருப்பை இரண்டு கையாலும் மெதுவாக மேசைமேல் வைத்தாள். அலமாரிப் பக்கம் போனாள்.

முதலில் எடுத்துக் காட்டிய தோல் செருப்பை அவரே வேண்டாம் என்றார். நனைந்தால் கனக்கும், காய இரண்டு நாளாகும். அடுத்தது லேசாகத்தான் இருந்தது. ஆனால் குதிகாலுக்குப் பின்னால் வார் இல்லை.

“பின்வார் இல்லாதத எடுக்காத. வெள்ளிக்கிழமை எங்க குலசாமி கும்பிடு. கோயிலு மலைமேல. ரெண்டு ஓடையத் தாண்டணும், வழி பூராம் பாசிப் பாறை. பங்காளிக அம்புட்டுப் பேரும் வருவாக. அவுக முன்னாடி மறுபடியும் செருப்பு கழண்டுச்சுன்னா எம்மானமே போயிரும் தாயி.”

இல்லாத பிள்ளை பேரில் செருப்பு வாங்கிச் சாமி முன்னால் வைக்கப்போகிறார், அது கழன்றுவிடும் என்று வேறு பயப்படுகிறார். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். அவரைப் பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது.

மூன்றாவதாக ஒன்றை எடுத்தாள். கெட்டியான அடிப்பாகம், ஆழமான வரிப்பள்ளம், விரல் இடிபடாமல் முன்னால் ரப்பர் மூடி, குதிகாலைச் சுற்றி இறுக்கும் வார். பழைய செருப்பின்மேல் வைத்துப் பார்த்தாள். எட்டாம் நம்பர் அச்சாகப் பொருந்தியது.

சுருளி அதைத் தன் காலில் மாட்டிக்கொண்டார். அவருக்கு ஒரு சைஸ் சின்னது. குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல், குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றச் சொன்னார். ஈர டைல்ஸ்மேல் இரண்டு தரம் நடந்தார். தங்குதங்கென்று குதித்தார்.

“ஓடிப் பாக்கணுமே” என்றார்.

“கடைக்குள்ளயாங்கய்யா?”

“ஓடுனாத்தான் தாயி தெரியும்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லாவிலிருந்து வாசல்வரை ஓடித் திரும்பினார். மற்ற வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். தமிழ்வாணிக்குச் சிரிப்பு வரவில்லை.

“கழறல” என்றார் சுருளி, மூச்சு வாங்க. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பில் போட்டுப் பெட்டியைக் கொடுத்தாள். “பழச இங்கயே போட்டுரவாங்கய்யா?”

“வேணாம் வேணாம்.” அவர் அதை வெடுக்கென்று வாங்கிப் புதுப் பெட்டிக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்துக்கொண்டார். “இம்புட்டு நாளு வச்சிருந்ததே இதுக்குத்தான்.”

அதற்குமேல் தமிழ்வாணியால் முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. “மனசத் தேத்திக்கங்கய்யா. தண்ணியோட போன பிள்ள எங்க இருந்தாலும் நல்லாருப்பாரு.”

சுருளி திருதிருவென்று விழித்தார். விஷயம் புரிந்ததும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“நல்லாத்தான் இருக்காரு தாயி. வெள்ளிக்கிழமை எம்மகளையும் பேரனையும் கூட்டிக்கிட்டு மொத மொதல்ல நம்ம வீட்டுக்கு வாராரு. அன்னைக்கு எம்மக சுபலட்சுமி கையப் புடிச்சுக்கிட்டு வாய்க்கால்ல எறங்கி ஓடுறப்பத்தான் இது கழண்டுக்கிருச்சு. பின்னாடியே கம்பத் தூக்கிக்கிட்டு வெரட்டுனவன் நாந்தான்.”