பாலைவனப் புராணம்

"எல்லாம் உங்கடை வாயாலை வந்த வினை, அண்ணை."

ஜெயமலர் கோபப்பட்டதில் பிழை சொல்ல முடியாது. ஒரே மகள் கம்சனா, ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் கைநிறையச் சம்பளம் வாங்கும் எஞ்சினியர், ஓமான் பாலைவனத்தில் சூரிய மின்சாரம் எடுக்கும் வேலைக்கு மூன்று வருடம் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். திங்கட்கிழமை கையெழுத்து வைக்க வேண்டும்.

அந்த ஆசையைக் கிளப்பி விட்டது வேறு யாருமில்லை, ஜெயமலரின் கூடப்பிறந்த அண்ணன் விமலநாதன்தான்.

சவூதிப் பாலைவனத்தில் இருபத்திரண்டு வருடம் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டியவர். ஊன்ட்றொப் அம்பாள் கோயில் தேர் பார்க்கவென்று தங்கை கூப்பிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். வந்த நாள் முதல் வீட்டில் பாலைவனப் புராணம்தான்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். பச்சையே இல்லாத அக்கரையை இந்த மனிதர் போல் மெச்சியவர் உலகத்தில் இருக்க மாட்டார். அங்கே ஒரே காலம், ஒரே உடுப்பு. இங்கே நாலு காலத்துக்கு நாலு அலுமாரி. அங்கே தோய்த்த சாரத்தைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். இங்கே ஜூன் மாதத்திலும் குடையும் கம்பளிச் சட்டையும். அங்கே இரவில் வானம் முழுக்கக் கண்சிமிட்டும் வெள்ளி. இங்கே அண்ணாந்து பார்த்தால் கோப்பை கழுவின தண்ணீர் நிறத்தில் முகில்.

கம்சனா வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். கேட்டுக் கேட்டே பிள்ளை கெட்டுப்போனாள் என்பது தாயின் கட்சி.

ஜெயமலருக்கு இந்த ஊர் என்றால் உயிர். வசந்தத்தில் தெருவெல்லாம் பூ, இலையுதிர்காலத்தில் பொன் நிறம், பனி விழுந்தால் சத்தமே இல்லாத காலை. எல்லாவற்றையும் அண்ணனுக்குக் காட்ட வேண்டும் என்று எத்தனை வருட ஆசை. ரைன் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனால், இவ்வளவு தண்ணீர் ஒரு மனிசனுக்கு எதற்கு என்றார். தேர் நாளன்று கோயிலடிக் கால்வாய்க் கரையில் ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, பாலைவனம் என்றால் மூச்சுவிட இடமிருக்கும் என்றார். ஜெயமலரின் கணவர் நித்தியானந்தன் சிரித்துவிட்டு மோர் வாங்கப் போய்விட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் இது மகளின் வாழ்க்கை.

"நீங்கள்தான் ஏத்தி விட்டனீங்கள். நீங்களே இறக்கி விடுங்கோ," என்றாள்.

விமலநாதன் கம்சனாவின் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளையோடை தனியக் கதைக்கிறன். நீ போய்த் தேத்தண்ணி போடு."

ஜெயமலர் இஞ்சி தட்டிப் போட்டு, மூன்று கோப்பையில் ஊற்றி, தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. முழங்கையால் தள்ளப் போனவள், அண்ணனின் குரல் கேட்டு நின்றாள்.

"வெய்யிலுக்கை பவுசர்க் கதவைப் பிடிச்சால் உள்ளங்கைத் தோல் அதோடை போகும். ஏத்திறதும் தண்ணி, குடிக்கிறதும் தண்ணி, எல்லாம் கொதிதண்ணி. கிழமைக்கணக்காய் ஒரு மனிசக் குரல் கேளாது. அப்பா செத்ததுக்கும் போக ஏலாமல் போச்சு. பாஸ்போட் முதலாளியின்ரை கையிலை."

"அப்ப என்னைப் போக வேண்டாம் எண்டுறியளோ?" கம்சனா கேட்டாள்.

"அப்பிடிச் சொல்லேல்லை. உனக்கு ஏசி வீடு, பாஸ்போட் உன்ரை கையிலை. பிடிக்காட்டி அடுத்த பிளேனிலை திரும்பி வரலாம். போறதெண்டால் உண்மை தெரிஞ்சுகொண்டு போ. என்ரை கதையை நம்பிப் போகாதை."

"இஞ்சத்தை மழையைத் திட்டினதும் பொய்யோ?"

"மழையைத் திட்டுவனோ? காலமை நடக்கப் போறன் எண்டு போய், ஆத்தங்கரையிலை நனைஞ்சுகொண்டெல்லோ நிக்கிறன். தெருவுக்குத் தெரு மரம், பூ. இப்பிடி ஒரு ஊரை நான் கனவிலையும் காணேல்லை."

ஜெயமலரால் உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

"பிறகேன் மாமா அம்மாவிட்டை மட்டும் அப்பிடிச் சொல்லுறியள்?"

"அந்த நேரம் வீட்டிலை ஒராளைத்தான் ஜேர்மனிக்கு அனுப்ப வழி இருந்தது. உன்ரை அம்மாவைப் போகச் சொல்லிப்போட்டு நான் சவூதிக்குப் போனன். அங்கை நான் வெந்தது தெரிஞ்சால், கொம்மாவுக்கு இந்த வீட்டிலை ஒரு வாய் சோறு இறங்குமோ?"

அண்ணனைப் பற்றி இத்தனை நாளும் நினைத்ததெல்லாம் ஜெயமலரின் நெஞ்சைச் சுட்டது. கண் நிறைந்து, கோப்பைகள் மங்கலாகத் தெரிந்தன.

"அதுக்காக இப்பிடி ஒரு பொய்யோ, மாமா?"

விமலநாதன் சிரிப்பது கேட்டது.

"பழக்கினதே கொம்மாதான், பிள்ளை. வந்த புதிசிலை, தெருவிலை இருக்கிற ரெலிபோன் கூட்டுக்கை நிண்டு மாதத்துக்கொருக்கா எனக்குப் போன் எடுப்பாள். 'பனி நல்ல வடிவு அண்ணை, குளிரே தெரியேல்லை' எண்டு சொல்லுவாள். அவளின்ரை பல்லு கிடுகிடெண்டு அடிக்கிற சத்தம் எனக்குப் பாலைவனத்திலை கேக்கும்."